டிசம்பரில் அப்பா அம்மாவோடு தீவா, பினாங்கா?

கேள்வி: கோலாலம்பூரில் வேலை. டிசம்பரில் மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அம்மாவுக்கு முட்டிவலி. பெர்ஹெந்தியான் தீவுக்குக் கூட்டிப் போகலாமா?

பட்டர்வொர்த்காரன்: வேண்டாம் அண்ணே. அந்தத் தீவு இருக்கும் கிழக்குக் கரையில் அப்போது வடகிழக்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும், தங்குமிடங்கள் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். பேசாமல் பினாங்கு வாங்க. கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் விரைவு மின்ரயில் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து பினாங்குக்கு ஃபெர்ரி. ஆண்டு இறுதிக் கூட்டம் பயங்கரம், டிக்கெட்டை இப்போதே எடுத்துடுங்க.

மலைவாசி: பினாங்கில் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) மலை ரயில் இருக்கு, முட்டிக்குச் சிரமமில்லை. பசியாறியதும் கிளம்பிடுங்க, தாமதித்தால் வரிசை நீளும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500 படிக்கு மேல். அம்மாவை அடிவாரத்தில் உட்கார வையுங்க.

கேட்டவர்: சரி, பினாங்குதான். அம்மா உட்காருவாரா என்பதுதான் சந்தேகம்!