எஸ்.ஏ.டபிள்யூ. சென்சார்: கேஸ் விட்டா ரீடிங் குறையுது, மதியம் சுழி ஆகுது

வாய்க்கால்மேடு, ஈரோடு:
தோல் ஷாப் கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வைக்க ஹைட்ரஜன் சல்பைடு சென்சார் ஒண்ணு செய்யறேனுங்க. எஸ்.ஏ.டபிள்யூ. வகை, அதாவது படிகத்து மேற்பரப்புல ஓடற ஒலி அலையை வெச்சு அளக்கறது; மேல எடை கூடினா அலைவரிசை இறங்கும். 433.92 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் ரெசனேட்டர் (ஒரே அலைவரிசையில அதிர்ற படிகம்) ரெண்டு, ரிமோட்டுல வர்ற அதே வட்ட டப்பா. ஒண்ணோட மூடியை அறுத்து, காப்பர் ஆக்சைடு தூள் கலக்கின ஒரு சொட்டு விட்டுக் காயவெச்சது. இன்னொண்ணு ஒப்பீட்டுக்கு, மூடினபடியே இருக்குது. ரெண்டையும் அதிர வெக்கற ஆசிலேட்டர் சர்க்யூட்டுகளை மிக்சர்ல (ரெண்டு அலைவரிசையோட வித்தியாசத்தைத் தர்ற சர்க்யூட்) விட்டு வித்தியாசத்தை எண்றேன். காலைல 15 கிலோஹெர்ட்ஸ். வெயில் ஏற ஏறக் குறைஞ்சு, 3 கிலோஹெர்ட்ஸ் கிட்ட வந்ததும் படக்குனு சுழி. 25 பிபிஎம் (பத்து லட்சத்துல 25 பங்கு) சிலிண்டர் கேஸ் விட்டா, எடை கூடிப் பூசின பக்கம் இறங்கி, வித்தியாசம் அதிகமாகோணும். எனக்குக் குறையுது. எங்க தப்புங்க?

நொய்யல்கரை:
சுழி ஆகறது சென்சார் கோளாறு இல்லைங்க. ரெண்டு ஆசிலேட்டரும் ஒரே போர்டுல, ஒரே ரெகுலேட்டர்ல ஓடுதா? அலைவரிசை ரொம்ப நெருங்கினா ஒண்ணு இன்னொண்ணை இழுத்துப் பூட்டிக்கும். பூசறதுக்கு 433.42 ரெசனேட்டர் வாங்குங்க, ஒப்பீட்டுக்கு 433.92 இருக்கட்டும். வித்தியாசம் 500 கிலோஹெர்ட்ஸ்ல நிக்கும், எடை கூடினா மேலேதான் போகும், குறுக்கே வெட்டாது. தனித்தனி ரெகுலேட்டர், நடுவுல தகரத் தடுப்பு, மிக்சருக்கு முன்னாடி ஆளுக்கொரு பஃபர் (ஒண்ணு இன்னொண்ணைப் பாதிக்காம தடுக்கற ஆம்ப்ளிஃபையர்). எண்ற நேரம் 1 விநாடி வெச்சா 1 ஹெர்ட்ஸ் வரை தெரியும்.

சொட்டு விடறதை விட்டுடுங்க. காயும்போது தூள் ஓரத்துல வளையமாச் சேர்ந்துக்கும், நடுவுல ஒண்ணும் இருக்காது. தடிச்ச இடத்துல அலையோட இழப்பு கூடி ஆசிலேட்டரே நின்னு போகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ரொம்ப நீர்க்கக் கலக்கி, ஏர்பிரஷ்ல 15 செ.மீ. தள்ளி நின்னு விட்டு விட்டு அடிங்க. அலைவரிசை எண்ற மீட்டரைப் பாத்துக்கிட்டே அடிக்கோணும். பூசற பக்கம் 100 கிலோஹெர்ட்ஸ் இறங்கினதும் போதும்.

மேட்டாங்காடு:
நீங்க அளந்துட்டு இருக்கறது கேஸை இல்லைங்க தம்பி, ஈரத்தை. சிலிண்டர்ல அந்த 25 பிபிஎம் போக மிச்சமெல்லாம் சொட்டு ஈரமில்லாத நைட்ரஜன். அது பட்டதும் படலத்துல இருந்த தண்ணி கிளம்பிப் போகுது, எடை குறையுது, பூசின பக்கம் ஏறுது. மதியம் குறையறதுக்கும் பெரும்பாலும் இதேதான் காரணம். ஒப்பீட்டு டப்பா மூடியிருக்கறதால அதுக்கு ஈரமே தெரியாது. வெறும் நைட்ரஜனை விட்டுப் பாருங்க. அதே அளவு குறைஞ்சா சந்தேகமே இல்லை.

ஒப்பீட்டு டப்பாவையும் மூடி அறுத்து, பூசாம, அதே கேஸ் அறைக்குள்ள (சென்சார் இருக்கற சின்னப் பெட்டி) வைங்க. பூச்சு உறிஞ்சற ஈரம் அப்பவும் மிச்சம் இருக்கும், அதனால அறையை 45 டிகிரில நிறுத்துங்க. சோதனை கேஸுக்கும் ஈரம் சேக்கோணும், ஆனா அதைத் தண்ணிக்குள்ள குமிழ விட்டுடாதீங்க, ஹைட்ரஜன் சல்பைடு கரைஞ்சிரும். கலக்கற காத்தை மட்டும் குமிழ விட்டு, அப்புறம் சேருங்க. குழாய் டெஃப்லான்தான். பித்தளை இணைப்பு, ரப்பர் டியூப் ரெண்டும் கேஸைத் தின்னுடும்.

குவார்ட்ஸை விட்டு லித்தியம் நியோபேட் படிகத்துக்கு மாத்தலாம்னு யாராச்சும் சொன்னா இந்த வேலைக்குக் கேக்காதீங்க. படிகத்தை 128 டிகிரி கோணத்துல வெட்டினதுல, வெப்பம் ஒரு டிகிரி மாறினா அலைவரிசை 75 பிபிஎம் நகரும். 433 மெகாஹெர்ட்ஸ்ல அது 32 கிலோஹெர்ட்ஸ்.

வாய்க்கால்மேடு, ஈரோடு:
வெறும் நைட்ரஜன்லயும் அதேதானுங்க! இன்னொண்ணு: கேஸ் பட்ட பூச்சு பழைய இடத்துக்கே திரும்பறதில்லை, அது எதுனால?

மேட்டாங்காடு:
காப்பர் ஆக்சைடு அறை வெப்பத்துலயே காப்பர் சல்பைடா மாறிடும். ஆக்சிஜன் 16 போய் கந்தகம் 32 உக்காருது. எடை கூடறதும் அதனாலதான், திரும்பாததும் அதனாலதான். காத்துல 200 டிகிரிக்கு மேல சுட்டாத்தான் மறுபடி ஆக்சைடு. உங்க சால்டர் தாங்காது. இப்படியே விட்டா இது மொத்தம் எவ்வளவு பட்டுதுன்னு காட்டற வில்லைதான். திரும்பி வரோணும்னா டின் ஆக்சைடோட காப்பர் ஆக்சைடு சேத்து 150 டிகிரி மாதிரி சூட்டுல ஓட்டோணும். ஆனா அங்க குவார்ட்ஸே டிகிரிக்கு 3.5 கிலோஹெர்ட்ஸ் நகரும், சூட்டை 0.1 டிகிரிக்குள்ள பிடிச்சாலும் 350 ஹெர்ட்ஸ் ஆடும்.

நொய்யல்கரை:
தொட்டிக்கிட்ட வைக்கறப்ப முழங்கால் உசரத்துல வைங்க, இந்த கேஸ் காத்தை விட 1.19 மடங்கு கனம். சுண்ணாம்பு-சல்பைடுத் தண்ணியும் ஆசிட் தண்ணியும் சேர்ற வாய்தான் மோசமான இடம். பழைய ஃபேக்டரீஸ் சட்டத்துல வரம்பு 8 மணி நேரத்துக்கு 10 பிபிஎம், கொஞ்ச நேரத்துக்கு 15னு இருந்துச்சு. 100 பிபிஎம் கிட்டப் போனா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. அதனால சான்று பெற்ற எலக்ட்ரோகெமிக்கல் கேஸ் மீட்டர் ஒண்ணு எப்பவும் சட்டையில மாட்டியிருக்கோணும். உங்க சென்சாரோட கணக்கை அதோட ரீடிங்குக்குப் பக்கத்துலயே எழுதி வைங்க, ஈரப்பதத்தையும் சேத்து.