அந்த டெமோவுக்கு என் நான்கு வரிதான் இருந்தது

நான் எழுதிய முதல் விமர்சனம் நான்கே வரி. ஒற்றை ஆள் செய்த பிளாக் மெட்டல் டெமோ அது; வேகமும் இருட்டும் கரகரப்பும் நிறைந்த ஒரு ராக் வகையில் செய்த முதற்கட்டப் பதிவு. ஐந்து பாட்டு, கேசட்டில் ஐம்பது பிரதி. டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருக்கிறது, குரல் அடுத்த அறையிலிருந்து வருகிறது, இரைச்சல் தாங்க முடியவில்லை, ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டு வரட்டும் என்று எழுதி, பத்துக்கு இரண்டு மதிப்பெண்ணும் போட்டேன். பாட்டுகளில் ஒன்றின் பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை. இரண்டாவது பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஐந்துக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

மூன்று வருடம் கழித்து அதைச் செய்தவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கோபமே இல்லை. டெமோவின் பெயரைத் தேடினால் என் நான்கு வரி மட்டும்தான் வருகிறது, வேறு யாரும் எதுவும் எழுதவில்லை என்று சொல்லியிருந்தார். அதை எப்படிப் பதிவு செய்தேன் என்று சொல்கிறேன், முடிந்தால் இன்னொரு முறை கேளுங்கள் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்திலிருந்துதான் எனக்கு இந்த இசையைக் கேட்கத் தெரிந்தது என்று சொல்வேன்.

அவரிடம் இருந்தது நான்கு தடக் கேசட் ரெக்கார்டர். டாஸ்காம் நிறுவனம் 1979-இல் போர்ட்டாஸ்டுடியோ என்ற பெயரில் முதலில் கொண்டுவந்த வகை. சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என நான்கு தடங்கள் இருக்கும். இந்தக் கருவி நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்திக்கொள்ளும். அதாவது நான்கு வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதியலாம். ஐந்தாவது வேண்டுமென்றால்? முதல் மூன்றைக் கலந்து நான்காவது தடத்தில் இறக்கிவிட்டு, காலியான மூன்றில் புதிதாகப் பதிய வேண்டும். ஒவ்வொரு முறை இப்படி இறக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும், மேல் ஸ்தாயி கொஞ்சம் மழுங்கும். கலந்த பிறகு டிரம்ஸை மட்டும் தனியே உயர்த்த முடியாது. நான் அட்டைப்பெட்டி என்று எழுதிய அந்த டிரம்ஸ், ஒரே மைக்கில் பதிந்து இரண்டு முறை இறக்கப்பட்டது. குரல் தூரத்தில் கேட்டதற்குக் காரணம், அவர் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருந்த மைக்கை நோக்கிக் கத்தியதுதான். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்.

இந்த வகை இசையில் இதெல்லாம் புதிதும் இல்லை. நார்வேயின் டார்க்த்ரோன் குழுவின் 1994 ஆல்பத்தில் எல்லா வாத்தியங்களையும் அதன் டிரம்மர் ஃபென்ரிஸ் ஒருவரே வாசித்து, நான்கு தடத்தில்தான் பதிந்தார். அந்த மெல்லிய, பனி மூடின மாதிரியான கிதார் ஒலியைப் பிடிக்கப் பிறகு எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். மெட்டலுக்கு வெளியேயும் உண்டு. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட நெப்ராஸ்கா, முழுக் குழுவோடு செய்து பார்த்தும் சரிவராமல், வீட்டில் அதே போர்ட்டாஸ்டுடியோவில் பதிந்த டெமோ கேசட்டையே ஆல்பமாக விட்டதுதான். இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த இரண்டு மதிப்பெண்ணைப் போட்டிருக்க மாட்டேன்.

சரி, திரும்பக் கேட்டேன். ராத்திரி, ஹெட்ஃபோனில், ஒலியைக் குறைத்து வைத்து. குறைத்துக் கேட்டதுதான் பெரிய வித்தியாசம். உரக்க வைத்தால் நாடா இரைச்சல் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. குறைத்தால் அது தரை போல அடியில் படுத்துக்கொள்கிறது, மேலே கிதார் நடக்கிறது. நான்காவது பாட்டில் ஒரே மூன்று சுரங்கள் நான்கு நிமிடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். முதல் முறை அதை அலுப்பு என்று நினைத்திருப்பேன். இப்போது காது வைத்துக் கேட்டால், ஒவ்வொரு சுற்றிலும் கடைசிச் சுரத்தை அவர் ஒரு நூல் தாமதமாக எடுக்கிறார். தாமதம் கூடிக்கொண்டே போகிறது. நான்காவது நிமிடத்தில் அந்தச் சுரம் வரவே இல்லை. அந்த இடத்தில் நாற்காலி கிறீச்சிடும் சத்தமும், யாரோ மூச்சை இழுக்கும் சத்தமும் மட்டும். அப்புறம் எல்லாம் ஒன்றாக இறங்குகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று வருடமாக இதைப் பற்றி உலகத்தில் இருந்த ஒரே எழுத்து என்னுடைய நான்கு வரி!

அதற்குப் பிறகு வேறு வகைகளுக்குப் போனபோதும் அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துப்போனேன்: இந்த ஒலி ஏன் இப்படி இருக்கிறது? பெர்லினில் 1993-இல் தொடங்கிய பேசிக் சேனல் என்ற சிறு இசை நிறுவனத்தின் வெளியீடுகளைக் கேட்டபோது அது நன்றாக உதவியது. டப் டெக்னோ, அதாவது டெக்னோ என்ற மின்னணு நடன இசையில் ஜமைக்காவின் டப் இசை போல எதிரொலியைக் கலந்த வகை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரே ஒரு நாண் (சில சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது), அதன் எதிரொலி, அடியில் துடிக்கும் பேஸ், மேலே ஒரு சரசரப்பு. எதுவும் நடக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நாணின் மேல் இருக்கும், ஒலியின் ஒரு பகுதியை அடக்கி வைக்கும் ஃபில்டரை யாரோ மெதுவாகத் திறந்துகொண்டே போகிறார்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் தொடக்கத்தைப் போட்டால்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும்.

இரைச்சல் இசை கடினமாகத்தான் இருந்தது. ஜப்பானியக் கலைஞர் மெர்ஸ்போவின் 1996 ஆல்பம் பல்ஸ் டீமனை முதல் இரண்டு முறை முழுதாகக் கேட்க முடியவில்லை. மூன்றாம் முறை நோட்டில் நிமிடக் கணக்கு எழுதி, எங்கே புது ஒலி நுழைகிறது, எங்கே விலகுகிறது என்று குறித்துக்கொண்டே கேட்டேன். பக்கம் நிறைந்துவிட்டது. அது எனக்குப் பிடித்த ஆல்பம் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒன்றுமே இல்லை என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுவேன்.

எதிர்த்திசையிலும் ஒருமுறை தவறு செய்தேன். தொண்ணூறுகளில் மெம்ஃபிஸ் நகரத்து ராப் டிஜேக்கள் வீட்டில் செய்து தாங்களே கையில் கொண்டுபோய் விற்ற கேசட்டுகள் நிறைய உண்டு. அதில் ஒன்றைக் கேட்டு, அந்தக் கலங்கல், தண்ணீருக்கு அடியிலிருந்து வரும் குரல், எல்லாம் அபாரம் என்று புகழ்ந்து எழுதினேன். ஒரு வருடம் கழித்து அதே கேசட்டின் முதல் பிரதியிலிருந்து எடுத்த பதிவு கிடைத்தது. டிரம்ஸ் கண்ணாடி போலத் தெளிவு, குரல் முகத்துக்கு நேரே. நான் புகழ்ந்த கலங்கல் முழுக்கப் பிரதிக்குப் பிரதி எடுத்ததில் சேர்ந்தது. ஒலி கெட்டுப்போயிருப்பதாலேயே ஒன்று உண்மையானது ஆகிவிடாது. அன்றிலிருந்து எந்தப் பிரதியைக் கேட்டேன், யார் மாற்றிக் கொடுத்தது என்பதை விமர்சனத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

எப்படித் தேடுகிறேன் என்று கேட்பவர்களுக்கு: தானாக வரும் பரிந்துரைகளை நான் அதிகம் நம்புவதில்லை. ஏற்கெனவே பலர் கேட்டதைத்தான் அவை கொண்டுவரும். கலைஞர்கள் நேரடியாக இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு ஆல்பத்தை வாங்கியவர்களின் படங்கள் பக்கத்திலேயே இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவர் வாங்கியதெல்லாம் தெரியும். நான் விரும்பும் மூன்று சிறிய வெளியீடுகளை வாங்கிய ஒருவர் கிடைத்தால் போதும், ஒரு மாதத்துக்குக் கேட்க இருக்கிறது. இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஆள் பெயரைப் பிடித்துப் போவேன். மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்குவது) செய்தவர், அட்டை வரைந்தவர், ஒரே ஒரு பாட்டில் சாக்சஃபோன் வாசித்தவர் என்று. பிளாக் மெட்டலிலிருந்து ஆம்பியன்ட் என்ற அமைதியான சூழல் இசைக்கு நான் போனது ஒரு மாஸ்டரிங் பொறியாளரின் பெயரைப் பின்தொடர்ந்துதான். மெட்டலுக்கு 2002 முதல் இருக்கும் என்சைக்ளோபீடியா மெட்டாலம் தளத்தில், இரண்டே டெமோ விட்டுக் காணாமல் போன குழுக்கள்கூடப் பதிவாகியிருக்கின்றன. அட்டையில் நன்றி சொல்லும் பட்டியலையும் விடாதீர்கள். இன்னொன்று, வாங்குவதற்கு முன் அந்தக் குழு என்ன பேசுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாக் மெட்டலில் இனவெறியைச் சுமந்து வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் எழுதுவதில்லை.

எழுதுவதில் என்னை மிகவும் மாற்றியது சரண்ஜித் சிங்கின் ஆல்பம். பாலிவுட் இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் 808 (தாள இயந்திரம்), 303 (பேஸ் சின்தசைசர்), ஜூபிட்டர்-8 (சின்தசைசர்) ஆகிய மூன்று கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் மறுவெளியீடு வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. சிகாகோவில் ஃபியூச்சர் குழு 303-ஐ வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையைத் தொடங்கிவைத்தது 1987-இல். அதற்கு ஐந்து வருடம் முந்தியது இது என்பதால், எல்லோரும் அந்த ஒரு செய்தியையே எழுதினார்கள். யார் முதலில் என்ற பேச்சில் இசை அடிபட்டுப் போனது. நான் கேட்டது வேறு. 303-இல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகத்துக்கு வேண்டியதும் அந்த வழுக்கல்தானே. மால்கௌன்ஸ் வரும் பாட்டைப் போட்டுப் பாருங்கள். நம் காதுக்கு அது இந்தோளம். இயந்திரம் அடிபிசகாமல் ஓடிக்கொண்டிருக்க, மேலே சுரங்கள் இழைந்து இறங்குவதைக் கேட்டால், அவர் எந்த வகை இசையையும் கண்டுபிடிக்கக் கிளம்பவில்லை, கையில் கிடைத்த கருவியில் தனக்குத் தெரிந்ததை வாசித்தார் என்பது புரியும். ஒன்றைப் போல இன்னொன்று என்று ஒப்பிடும் வரிகளை அதற்குப் பிறகு என் விமர்சனங்களில் குறைத்துவிட்டேன்.

ஜெர்மனியில் 1984 வாக்கில் ஒருவர் வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்த பாட்டின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பெயரும் தெரியாது, பாடியவரும் தெரியாது. 2007-இல் இணையத்தில் போட்டு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். 2024 நவம்பரில்தான் அது கீல் நகரத்து ஃபெக்ஸ் குழுவின் பாட்டு என்று உறுதியானது. பதினேழு வருடத் தேடல். அன்று அந்தப் பாட்டோடு நான்கு வரி யாராவது எழுதி வைத்திருந்தால், பெயர், ஊர், வருடம் என்று அவ்வளவு போதும், இந்தத் தேடலே தேவைப்பட்டிருக்காது. அதனால் நான் இப்போது அபிப்பிராயத்துக்கு முன்னால் தகவலை எழுதுகிறேன். பாட்டுகளின் பெயர், நீளம், யார் வாசித்தது, எதில் பதிந்தது, எத்தனை பிரதி. செய்தவர்களிடமே கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

முதல் டெமோவுக்குப் புது விமர்சனம் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். பழைய நான்கு வரியை அழிக்கவில்லை, தேதியோடு கீழேயே விட்டுவைத்தேன். மதிப்பெண்ணை மட்டும் எடுத்துவிட்டேன். அவருக்கு அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு ஒரு திருத்தமும் அனுப்பினார். மூன்றாவது பாட்டில் நான் சின்தசைசர் என்று எழுதியது, பேஸ் கிதாரை வயலின் வில்லால் இழைத்து வாசித்ததாம். திருத்திவிட்டேன்.

இப்போது என் மேஜையில் இருப்பது பெயர் போடாத ஒரு கேசட், இரண்டு பேர், டிரம்ஸும் கிளாரினெட்டும் மட்டும். வாங்கியவர்கள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். ஐந்து முறை கேட்டுவிட்டேன், இன்னும் எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் தாளம் ஏழா, அல்லது மூன்றும் நான்குமாக இரண்டு பேரும் தனித்தனியாகப் போகிறார்களா என்பது பிடிபடவில்லை. உங்களில் யாராவது கேட்டிருந்தால் சொல்லுங்கள்.