55-250 லென்ஸ்ல பூச்சிப் படம் கலங்கலா வருது, மேக்ரோ (பொடிசுகளப் பெரிசா எடுக்குற) லென்ஸ் வாங்கணுமா?

நாகர்கோவில்_புதுசு:
அண்ணன்மாரே, கேமரா கேனான் 1500டி. 18-55, 55-250 மி.மீ. ரெண்டு ஸூம் லென்ஸும் இருக்கு. தேரூர் குளத்தங்கரைல தும்பி, மாமரத்துல முசுறு எறும்பு எடுக்கப் பாக்கேன். தும்பி பொடிசா விழுது, கிட்டப் போனா ஃபோகஸ் ஆகல. முசுறு வெறும் கலங்கல். 100 மி.மீ. மேக்ரோ வாங்கினா சரியாயிருமா?

மருந்துவாழ்மலை:
இப்போ வேண்டாம் தம்பி, உங்க 55-250 போதும். அது முன்னால மாட்டுற ரேனாக்ஸ் டிசிஆர்-250 வாங்குங்க. 8 டயாப்டர் பவர் உள்ள பூதக்கண்ணாடி மாதிரி. 52 முதல் 67 மி.மீ. வாய் உள்ள லென்ஸ்ல கவ்விக்கும், உங்களுது 58.

லென்ஸ் ஃபோகஸ இன்ஃபினிட்டில, அதாவது ரொம்ப தூரத்துக்கு வச்சா, பூச்சி கண்ணாடில இருந்து சுமார் 12 செ.மீ.ல இருக்கணும். கொஞ்சம் விலகினாலும் ஒண்ணும் தெரியாது, கண்ணாடில கோளாறுன்னு நினைச்சிராதீங்க. ஸூம் 70ல 4 செ.மீ. தும்பி படம் முழுக்க நிக்கும். 125ல படத்துக்குள்ள அடங்குறது 22 மி.மீ. அகலம். 250ல 11 மி.மீ.தான், ஒரு பெரிய முசுறு அப்படியே அடங்கும். ஆனா முதல்ல 100ஐத் தாண்டாதீங்க. பெருக்கம் கூடக்கூட கை நடுக்கமும் கூடவே பெருகும்.

ஆட்டோ ஃபோகஸ அணைச்சிருங்க, இந்த தூரத்துல அது முன்னும் பின்னும் தேடிட்டே கிடக்கும். ஃபோகஸ் வளையத்தத் தொடாம, உடம்ப மெதுவா முன்னால சாய்ச்சு, பூச்சியோட கண்ணு தெளியுற நொடில அமுக்குங்க. ஸூம் 100ல, ஒளி போற ஓட்டைய எஃப்/11னு சுருக்கினாலும் தெளிவா விழுற ஆழம் 1 மி.மீ.க்கும் குறைவு. அதனால தும்பிய முன்னால நின்னு எடுக்காம பக்கவாட்டுல, அதோட உடம்பு சென்சாருக்கு (கேமராக்குள்ள படம் பதியுற தகடு) இணையா வர்ற மாதிரி எடுங்க. எஃப்/22க்குப் போனா ஆழம் கிடைக்கும், ஆனா டிஃப்ராக்‌ஷன்ல, அதாவது சின்ன ஓட்டைல ஒளி சிதறுறதுல, படம் முழுக்க மென்மையாயிரும்.

குலசேகரம்_ரப்பர்காடு:
அண்ணாச்சி லென்ஸச் சொல்லிட்டாங்க, நான் வெளிச்சத்தச் சொல்லுதேன். பாதி கலங்கல் அதுலதான். எம் மோடு (எல்லாத்தையும் நாமளே வைக்கிறது), ஷட்டர் 1/200 நொடி, எஃப்/11, ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்வு) 200, கேமராவோட பாப்-அப் ஃப்ளாஷ். அந்த மின்னல் ரொம்பக் குறுகின நேரம்தான் எரியும், அதனால கை ஆட்டமும் எறும்பு ஓட்டமும் உறைஞ்சிரும். வெறும் ஃப்ளாஷ் அடிச்சா லென்ஸோட நிழல் பூச்சி மேல விழும், முசுறு முதுகுல வெள்ளைப் புள்ளி பளபளக்கும். டிவி பெட்டில வர்ற வெள்ளை பேக்கிங் ஃபோம ரெண்டு மடிப்பா எடுத்து, லென்ஸ் நுழையுற ஓட்டை போட்டு மாட்டுங்க. மேல்பாதி பூச்சிப் பக்கமா குடை மாதிரி வளைஞ்சு நிக்கணும். எவ்வளவு பெரிசா, எவ்வளவு கிட்ட இருக்கோ, வெளிச்சம் அவ்வளவு மென்மை.

தும்பிக்கு வெயில் ஏறும் முன்ன போங்க, உடம்பு சூடாகாம அது சட்டுனு பறக்காது. பறந்தாலும் துரத்தாதீங்க, பல வகை அதே குச்சிக்குத் திரும்பி வரும். உங்க நிழல் மட்டும் அது மேல விழக் கூடாது.

நாகர்கோவில்_புதுசு:
ரொம்ப நன்றிண்ணே. ஃப்ளாஷ் போட்டா பின்னால கறுப்பா வருமே?

குலசேகரம்_ரப்பர்காடு:
வரும். ஃப்ளாஷ் வெளிச்சம் தூரத்துக்கு எட்டாது. பூச்சிக்குப் பின்னால ஒரு சாண் தூரத்துக்குள்ள இலை வர்ற கோணமாப் பாருங்க. இல்லன்னா ஷட்டர் 1/80, ஐஎஸ்ஓ 800 வைங்க, சுத்தி இருக்குற வெளிச்சமும் பதியும்.

மருந்துவாழ்மலை:
முசுறு கூட்டத்துல காலை எண்ணிப் பாருங்க. எட்டு இருந்தா அது முசுறு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் ரெண்டையும் தூக்கி எறும்புக் கொம்பு மாதிரி ஆட்டும். ஆண் சிலந்தி, ஒரு எறும்பு இன்னொண்ணத் தூக்கிட்டுப் போற மாதிரி தெரியும். முசுறுக் கூட்டுக் கொப்புல கை வைக்காதீங்க.

கீரிப்பாறை, பேச்சிப்பாறை காட்டுக்குள்ள போறதா இருந்தா வனத்துறை அனுமதி வாங்கிக்குங்க. நம்ம ஊர் ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத டப்பால வைங்க.