பழைய பாடலிலிருந்து மாறும்போது தாளம் நழுவுகிறது: டிஜே நண்பர்களின் உதவி தேவை

டிஜே பயிற்சியைத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. மின்னிசைப் பாடல்களை ஒன்றோடொன்று இணைக்க வந்துவிட்டது. ஆனால் கலைஞர்கள் நேரடியாக வாசித்துப் பதிவான பழைய பாடலிலிருந்து, நிலையான வேகமுள்ள புதிய பாடலுக்கு மாறும்போது தாளம் நழுவிவிடுகிறது.

என்னிடம் இருப்பது பயனியர் டிடிஜே-400 என்ற டிஜே கட்டுப்பாட்டுக் கருவி; அதோடு பயன்படுத்தும் மென்பொருள் ரெக்கார்ட்பாக்ஸ். இப்போது சிக்கல் தரும் பாடல் 104 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 104 தாள அடிகள்) தொடங்கிச் சரணத்தில் 107 வரை ஏறுகிறது. முதல் சில வினாடிகள் இரண்டும் பொருந்துகின்றன. பிறகு டிரம் அடிகள் தனித்தனியாகத் தடதடக்கின்றன.

வேகம் மாறும் பாடல்களுக்கான டைனமிக் முறையில் பாடலை மீண்டும் பகுப்பாய்வு செய்தேன். தாள அடிகளைக் குறிக்கும் பீட் கோடுகள் ஓரளவு சரியாயின; ஆனால் இரு பாடல்களின் வேகத்தையும் தானாகப் பொருத்தும் சிங்க் வசதியைப் போட்டால் புதிய பாடலின் வேகமும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. பாடலைச் சற்று முன்பின் நகர்த்தும் ஜாக் சக்கரத்தைக் காதால் கேட்டுத் தள்ளுவதும் நீண்ட நேரம் தாங்கவில்லை. நான்கு பீட் லூப் (நான்கு அடிகளை மட்டும் சுழற்சியாக ஒலிக்கவிடுவது) போட்டால் தாளம் நிற்கிறது, இதுவரை கிடைத்ததில் இதுவே மேல். ஆனால் குரல் ஓயாத இடத்தில் பாதிச் சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அந்தக் குரலைச் சிதைக்க எனக்கு மனமில்லை. எக்கோ (எதிரொலி) போட்டுப் பழைய பாடலை வெட்டலாம். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

அடுத்த மாதம் ஓர் அரங்குக்கு அரைமணி நேர மாதிரித் தொகுப்பு அனுப்ப வேண்டும். முதல் வாய்ப்பு அதைப் பொறுத்தது. பழைய பாடல்களை விட்டுவிட்டால் அது என் தொகுப்பாகவே இராது.

குரல் இடைவிடாமல் வரும் இத்தகைய பாடலிலிருந்து தாளம் நழுவாமல் அடுத்த பாடலுக்கு மாற, மேடையில் நீங்கள் கையாளும் முறை எது?