அப்தேராவை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

நெஸ்டோஸ் கரையான்:

கிரேக்கத்துக்குப் போகிறவர்கள் ஏதென்ஸையும் இரண்டொரு தீவுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வடகிழக்கு மூலையில் இருக்கும் திரேஸ் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அங்கே க்ஸாந்தி நகரில் சில மாதங்கள் வேலை அமைந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கே அணுவைப் பற்றிப் பேசிய பழைய கிரேக்கத் தத்துவஞானி டெமாக்ரிடஸ் பெயர்தான். 1973-இல் தொடங்கியது, தலைமையகம் கொமோத்தினியில், பொறியியல் துறைகள் க்ஸாந்தியில். "அவருடைய ஊர் அப்தேரா பக்கத்தில்தான், கடற்கரையில்" என்று உடன் வேலை பார்த்தவர் சொன்னார். விடுவேனா?

அப்தேராவின் இன்றைய பெயர் அவ்திரா, சிறிய கிராமம். அருங்காட்சியகம் கிராமத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய நகரம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, கடலை ஒட்டி. வானளாவிய தூண்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். மதிலின் அடித்தளம், ரோமானியர் கால வீடுகளின் சுவர்கள், குளியல் கூடம், மீதியெல்லாம் புல். நான் அதிக நேரம் நின்றது அருங்காட்சியகத்தில்தான், அதுவும் கல்லறைப் பொருட்கள் இருக்கும் பகுதியில். கி.மு. 654-இல் க்ளாசோமெனே நகரத்தார் இங்கே முதலில் குடியேறியதாக மரபு. அவர்களைத் திரேசியர்கள் விரட்டிவிட்டார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அந்தக் காலத்து இடுகாட்டைத் தோண்டியபோது வெளிவந்ததில் பெரும்பகுதி பச்சிளம் குழந்தைகளின் எலும்புகள். சாடிக்குள் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். சதுப்பு நிலமும் மலேரியாவும் சேர்ந்து அழித்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இரண்டாவது முறை வந்தவர்கள் தியோஸ் நகரத்தார், கி.மு. 545 வாக்கில். பாரசீகத் தளபதி ஹார்பகஸ் அவர்கள் மதிலுக்கு எதிரே மண்மேடு எழுப்பியதும், அடிமையாக வாழ மனமில்லாமல் ஊரே கப்பலேறி இங்கே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வளம்தான். ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணிக்கு ஆண்டுக்கு 15 தாலந்து (வெள்ளியை நிறுக்கும் பெரிய அளவு) வரை கட்டிய ஊர். அந்தப் பட்டியலில் அது பெரிய தொகை. பின்னர் நெஸ்டோஸ் ஆற்றின் வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட, கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் நகரத்தையே தெற்கே நகர்த்தியிருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த அப்தேராக்காரர் டெமாக்ரிடஸ் இல்லை, மெகக்ரியோன் என்பவர். கி.மு. 480-இல் பாரசீக மன்னன் செர்க்சஸ் தன் பெரும்படையோடு இந்தக் கரை வழியாகப் போனான். அந்தப் படைக்கு ஒரு வேளை விருந்து வைத்தே வழியிலிருந்த ஊர்கள் ஓட்டாண்டி ஆயின. அப்போது மெகக்ரியோன் ஊராரிடம் சொன்னாராம்: எல்லோரும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்ச் சாமிக்கு நன்றி சொல்லுங்கள், மன்னருக்கு ஒரு நாளில் இரண்டு வேளை சாப்பிடும் வழக்கம் இல்லையே என்று. இப்படிப் பேசத் தெரிந்த ஊரைத்தான் பிற்காலத்தார் மடையர்களின் ஊர் என்று கேலி செய்தார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

இந்த ஊரையோ, இதன் பெயரையோ, இங்கே பிறந்தவர்களையோ எதிர்கொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கருப்பங்கி:

நான் வழக்கறிஞர். எனக்கு அப்தேரா என்றால் அங்கே பிறந்த தத்துவஞானி புரோட்டகோரஸ். சட்டக் கல்லூரி முதலாண்டில் எங்கள் பேராசிரியர் அவரை வைத்துத்தான் வகுப்பைத் தொடங்குவார். யுவாத்லஸ் என்ற மாணவன் அவரிடம் பாதிக் கட்டணம் கட்டிச் சேர்கிறான். மீதி, முதல் வழக்கில் வென்ற பிறகு. படித்து முடித்தவன் வழக்கே எடுக்கவில்லை. குரு வழக்குத் தொடுக்கிறார். "நான் வென்றால் தீர்ப்பின்படி நீ கட்ட வேண்டும், நீ வென்றால் ஒப்பந்தத்தின்படி கட்ட வேண்டும்." மாணவன் அதையே திருப்பிப் போடுகிறான். "நான் வென்றால் தீர்ப்பின்படி கட்ட வேண்டாம், தோற்றால் ஒப்பந்தத்தின்படி கட்ட வேண்டாம்." நீதிபதிகள் தலையைச் சொறிந்துகொண்டு நெடுநாள் ஒத்திவைத்தார்களாம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணி அடித்த பிறகும் சண்டை போடும்.

ஆனால் தொழிலுக்கு வந்த பிறகு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு சம்பவம். பழைய வரலாற்றெழுத்தாளர் புளூட்டார்க் எழுதியது. விளையாட்டுப் போட்டியில் ஒருவன் எறிந்த ஈட்டி தவறிப்போய் இன்னொருவனைக் கொன்றுவிட்டது. குற்றம் யாருடையது, ஈட்டியுடையதா, எறிந்தவனுடையதா, போட்டியை நடத்தியவர்களுடையதா என்று ஏதென்ஸின் தலைவர் பெரிகிளீஸும் புரோட்டகோரஸும் ஒரு பகல் முழுக்க வாதாடியிருக்கிறார்கள். வேலையற்றவர்களின் பேச்சு என்று சிரிப்பதற்காக அந்தக் காலத்தில் பரப்பப்பட்ட கதை அது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகள்தான் என் பிழைப்பு. ஓட்டுநரா, வண்டி உரிமையாளரா, பள்ளம் தோண்டி மூடாமல் போன ஒப்பந்தக்காரரா என்று தீர்ப்பாயத்தில் வாரம் தவறாமல் நடப்பது இந்த வாதம்தான்.

"கடவுளர் இருக்கிறார்களா இல்லையா என்று என்னால் அறிய முடியாது, விஷயம் மங்கலானது, மனித ஆயுளோ குறுகியது" என்று எழுதியதற்காக ஏதென்ஸில் அவர் நூல்களை எரித்தார்கள் என்பது பரவலான செய்தி. குறுக்கு விசாரணை செய்தால் அது நிற்குமா என்பது சந்தேகம். எரிப்பைச் சொல்பவர்கள் பல நூற்றாண்டு பிந்தியவர்கள். பிளேட்டோவோ காலத்தால் மிக நெருங்கியவர், புரோட்டகோரஸுக்கு நண்பரும் அல்ல. அவருடைய உரையாடல் ஒன்றில், நாற்பது ஆண்டுகள் தொழில் செய்து எழுபதை நெருங்கி இறந்த அந்த மனிதரின் நற்பெயர் இன்றுவரை கெடவில்லை என்று சாக்ரடீஸே சொல்கிறார். எதிர்த்தரப்பு சாட்சி சாதகமாகச் சொன்னால் அதற்கு எடை அதிகம்.

தெற்கு வாசல்:

நான் பார்த்தது வேறு அப்தேரா! ஸ்பெயினின் தென்கரையில், அல்மேரியா மாகாணத்தில், இன்று அத்ரா என்று அழைக்கப்படும் துறைமுக ஊர். பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். அதைத் தாண்டினால் கடல்.

ஊரைப் பார்த்ததும் இதுவும் கிரேக்கக் குடியேற்றம் போலும், டெமாக்ரிடஸுக்கு ஒரு சிலையாவது இருக்கும் என்று உடன் வந்தவர்கள் தேடினார்கள். கிரேக்கருக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. இது கிழக்கு மத்தியதரைக் கடல் வணிகர்களான பினீசியர்கள் அமைத்த ஊர். மோன்தெகிரிஸ்தோ என்ற குன்றின் மேல் அவர்கள் காலத்து எச்சங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மீன் பிடித்து உப்பிட்டு ஏற்றுமதி செய்த ஊர். அதை இந்த ஊர் நாணயம் பார்த்தால் தெரியும். ரோமானியப் பேரரசர் திபேரியஸ் தலை ஒருபுறம். மறுபுறம் நான்கு தூண் கோயில், அதில் இரண்டு தூண்களுக்குப் பதில் நிமிர்ந்து நிற்கும் சூரை மீன்கள்! கோயில் முகப்பில் பினீசிய எழுத்தில் ஊர்ப்பெயர். ரோமின் ஆட்சிக்கு வந்து இரண்டு நூற்றாண்டு ஆன பிறகும் பழைய எழுத்தை விடவில்லை.

கிரனாடாவின் கடைசி முஸ்லிம் மன்னர் போவப்தில் 1493-இல் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியதும் இங்கிருந்துதான். ஒரு அப்தேராவுக்கு ஊரே கப்பலேறி வந்தது. இன்னொன்றிலிருந்து அரசர் கப்பலேறிப் போனார். பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ இரண்டு ஊரையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறார், குழப்பவில்லை. குழப்புவது இணையத்துப் பயணக் குறிப்புகள்தான்.

பொந்து:

பூச்சி ஆர்வலன் என்ற முறையில் ஒரு வரி. அப்தேரா என்று ஒரு வண்டுப் பேரினமும் உண்டு. பட்டுப்போன மரத்தில் வளரும் பூஞ்சையில் வாழ்வது. தத்துவம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

நாணயப்பெட்டி:

என் சேகரிப்பில் கிரேக்கத்தின் 10 திராக்மா நாணயம் இருக்கிறது. 1976-இல் வந்த வகை. ஒருபக்கம் தாடியோடு டெமாக்ரிடஸ், மறுபக்கம் அணுவின் படம். 1967-இன் 100 திராக்மா தாளிலும் அவர்தான். யூரோ வந்ததும் இரண்டும் செல்லாமல் போயின. தந்தையின் சொத்தையெல்லாம் பயணத்தில் கரைத்துவிட்டவர் என்று பெயரெடுத்த மனிதரைக் காசில் போட்ட குறும்பு யாருடையதோ!

மணிச்சம்பா:

எனக்கு அப்தேரா அறிமுகமானது வெங்காயத்தால். ஃபிலோகெலோஸ் என்ற பழைய கிரேக்க நகைச்சுவைத் தொகுப்பு ஒன்று உண்டு, மொத்தம் 265 துணுக்குகள். அதில் ஒரு பகுதி முழுக்க அப்தேராக்காரர்களைப் பற்றியது. வெங்காயம் வாயுவை உண்டாக்கும் என்று கேள்விப்பட்ட அப்தேராக்காரன் ஒருவன், நடுக்கடலில் காற்று விழுந்து கப்பல் நின்றுவிட்டபோது, ஒரு மூட்டை நிறைய வெங்காயத்தைக் கட்டிக் கப்பலின் பின்புறம் தொங்கவிட்டானாம். நூலகத்தில் சத்தமாகச் சிரித்து முறைப்பு வாங்கினேன்.

கரையான் ஐயாவின் ஆற்றாமைக்கு ஒரு வார்த்தை. இந்தக் கேலி தொகுப்புக்கு முன்பே ஊறிப்போனது. ரோமில் கூட்டம் முட்டாள்தனமாக நடந்தால் "இங்கே அப்தேராதான்" என்று ரோமானியப் பேச்சாளர் சிசெரோ தன் நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். ரோமானிய அங்கதக் கவிஞர் யுவெனல் இன்னும் மோசம். ஆட்டுக்கிடாய்களின் நாட்டிலும் அடர்ந்த காற்றிலும்கூடப் பெரிய மனிதர்கள் பிறக்கலாம் என்பதற்கு டெமாக்ரிடஸே சாட்சி என்று பாராட்டுகிறார். பாராட்டும்போதே ஊரை உதைக்கிறார், பாருங்கள்.

பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் பிற்காலத்தில் யாரோ புனைந்த கடிதங்களிலும் இதே பாட்டுதான். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் டெமாக்ரிடஸுக்குப் பைத்தியம் என்று ஊரார் வைத்தியரை வரவழைக்கிறார்கள். அவர் வந்து பார்த்தால், மனிதர் மரத்தடியில் விலங்குகளை அறுத்துப் பித்தம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார். பேசிப் பார்த்த வைத்தியர், நோய் ஊருக்குத்தான் என்று முடிவு செய்கிறார். கதை அழகு. ஆனால் அறிவாளியை உயர்த்த ஊராரை மடையர்களாக்குவது கதைக்காரர்களின் பழைய உத்தி. அப்தேராவின் பெயர் கெட்டதற்கு அந்தச் சிரிக்கும் கிழவரின் புகழும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

வடமராட்சியான்:

சைப்பிரசில் படித்த காலத்தில் நண்பர்களுடன் வடபகுதிக்கு, ஃபமகுஸ்தாவுக்கு அருகில் உள்ள சலாமிஸ் இடிபாடுகளைப் பார்க்கப் போனேன். (பாரசீகரைக் கிரேக்கர் கடலில் தோற்கடித்த சலாமிஸ் வேறு, அது ஏதென்சுக்குப் பக்கத்துத் தீவு. பெயர்க் குழப்பம் இங்கேயும்.) சைப்பிரஸ் சலாமிஸின் அரசன் நிக்கோகிரியோன்தான் அப்தேராவின் இன்னொரு மைந்தன், தத்துவஞானி அனக்சார்க்கஸைக் கொன்றவன். அலெக்சாந்தரின் விருந்தில் இவனைக் குத்திக் காட்டிப் பேசிய பகை. அலெக்சாந்தர் இறந்தபின் அனக்சார்க்கஸின் கப்பல் சைப்பிரசில் ஒதுங்கியது. பிடித்து, கல் உரலில் போட்டு, இரும்பு உலக்கையால் இடிக்கச் சொன்னானாம். "இடி, இடி, அனக்சார்க்கஸின் உறையைத்தான் இடிக்கிறாய், அனக்சார்க்கஸை அல்ல" என்றாராம் அவர். நாக்கை அறுக்கச் சொன்னதும் தானே கடித்து அரசன் முகத்தில் துப்பினார் என்றும் சொல்கிறார்கள். கூட வந்த பெடியன் ஒருவன் "உரல் என்றால் எங்கள் உரலோ?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம், பிறகு பேசாமல் நடந்தோம்.

எனக்கு இந்த ஆளில் பிடிபடாத விஷயம் ஒன்று இருக்கிறது. இதே அனக்சார்க்கஸ்தான், நண்பன் கிளீட்டஸைக் குடிவெறியில் குத்திக் கொன்றுவிட்டு அழுதுகொண்டிருந்த அலெக்சாந்தரிடம் போய், அரசன் செய்வதெல்லாம் நியாயமே என்று ஆறுதல் சொன்னவர். இந்தியா வரைக்கும் படையோடு வந்தவர். அங்கே ஒரு இந்தியத் துறவி, அரசர்களின் வாசலில் காத்துக் கிடக்கிற நீ பிறருக்கு நல்லதைப் போதிக்க மாட்டாய் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகவும், அதைக் கேட்டுத்தான் கூட வந்த பிர்ரோ உலக ஆரவாரத்தை விட்டு ஒதுங்கினார் என்றும் தத்துவஞானிகளின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் எழுதுகிறார். மேற்கின் ஐயவாதத்துக்குப் பேர்போன பிர்ரோவுக்கு வழி காட்டியது நம் பக்கத்து ஆண்டி ஒருவரின் ஏச்சு! அரசனிடம் வளைந்த ஒருவர் உரலில் எப்படி நிமிர்ந்தார்? இரண்டு கதையில் ஒன்று சோடித்ததாக இருக்க வேண்டும். எனக்கு உலக்கைக் கதை மீதுதான் சந்தேகம்.

சாக்பீஸ்:

இயற்பியல் ஆசிரியை நான். பாடநூலில் டெமாக்ரிடஸுக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள்: பொருளைப் பிளந்துகொண்டே போனால் பிளக்க முடியாத துகள் கிடைக்கும் என்றார். அந்த வரியில் அவருடைய குரு லியூக்கிப்பஸ் இல்லை, வெற்றிடமும் இல்லை. அணுவைவிட வெற்றிடம்தான் துணிச்சலான பகுதி. ஒன்றுமில்லாததும் இருக்கிறது என்று சொல்ல அந்தக் காலத்தில் எவ்வளவு தைரியம் வேண்டும்!

எழுபதுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதியவர், ஒன்றுகூட முழுதாக மிஞ்சவில்லை. பிளேட்டோ அவர் பெயரை ஓரிடத்திலும் சொல்வதில்லை. அரிஸ்டாட்டில் அவரோடு சண்டை போட்டதால்தான் நமக்கு இவ்வளவாவது தெரியும். நான் வகுப்பில் தவறாமல் சொல்வது பழைய மருத்துவர் கேலன் வழியாகக் கிடைத்த ஒரு துண்டு. இனிப்பு, கசப்பு, நிறம் எல்லாம் வழக்கால் வந்தவை, உண்மையில் இருப்பவை அணுவும் வெற்றிடமும்தான் என்று அறிவு புலன்களிடம் சொல்கிறது. புலன்கள் திருப்பிக் கேட்கின்றன: பாவப்பட்ட அறிவே, எங்களிடமிருந்து சான்று வாங்கிக்கொண்டு எங்களையே வீழ்த்தப் பார்க்கிறாயா? நாங்கள் விழுந்தால் நீயும் விழுவாய். தன் கொள்கைக்குத் தானே வைத்த ஆப்பு அது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் யார் ஜெயித்தார்கள் மிஸ்?" என்றாள். அந்தத் துண்டு அங்கேயே முடிந்துவிடுகிறது என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை.

இஸ்மிர் கடிதம்:

தாய் ஊரை யாரும் பேசவில்லையே. தியோஸ் இன்றைய துருக்கியில், இஸ்மிருக்குத் தென்மேற்கே செஃபெரிஹிசார் அருகில் இருக்கிறது. ஆலிவ் மரங்களுக்கு நடுவே டயோனிசஸ் கோயில். அப்தேராவுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் திரும்பி வந்து இந்த ஊரை மீண்டும் எழுப்பினார்கள். இரண்டு ஊர் நாணயத்திலும் ஒரே சின்னம், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்டு சிறகு முளைத்த கிரிஃபின் என்ற கற்பனை மிருகம். தியோஸில் அது வலப்பக்கம் பார்க்கும், அப்தேராவில் இடப்பக்கம்.

எனக்கு இந்த உறவின் ஆழம் புரிந்தது ஒரு கல்வெட்டைப் பற்றி அறிந்தபோது. கி.மு. 170-இல் ரோமானியத் தளபதி ஹோர்ட்டென்சியஸ் அப்தேராவைச் சூறையாடினான். கேட்ட பணத்துக்கும் தானியத்துக்கும் ஊரார் தவணை கேட்டதுதான் குற்றம். தலைவர்களின் தலையை வெட்டி, மற்றவர்களை அடிமைகளாக விற்றான். ரோமின் ஆட்சி மன்றமான செனட் பின்னர் அது அநியாயம் என்று சொல்லி, விற்கப்பட்டவர்களைத் தேடி விடுவிக்க ஆணையிட்டது. சில ஆண்டுகளில் திரேசிய அரசன் கோட்டிஸ் அப்தேராவின் நிலத்துக்கு உரிமை கோரி ரோமில் முறையிட்டபோது, அதை எதிர்த்து வாதாடப் போனவர்கள் தியோஸ்காரர்கள் இருவர், அமிமோன், மெகதிமோஸ். ரோமானியப் பிரமுகர்களின் வீட்டு முற்றங்களில் நாள்தோறும் போய் நின்று ஆதரவு திரட்டினார்கள் என்று அப்தேரா மக்கள் நன்றியோடு பொறித்திருக்கிறார்கள். பிரிந்து போய் ஏறத்தாழ நானூறு ஆண்டு ஆன பிறகு!

நெஸ்டோஸ் கரையான்:

அமிமோன், மெகதிமோஸ் கதை எனக்குப் புதிது, மிக்க நன்றி. தனிச்செய்தியில் வழி கேட்டவர்களுக்கு: க்ஸாந்தியிலிருந்து அவ்திராவுக்கு பஸ் உண்டு, ஞாயிற்றுக்கிழமையை நம்ப வேண்டாம். அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், அப்போதுதான் கீழே கடற்கரையில் கிடக்கும் கற்கள் என்னவென்று புரியும். கிராமத்திலிருந்து இடிபாடு வரை நிழலே இல்லை. வாடகைக் கார் எடுத்துக்கொண்டால் திரும்பும் வழியில் விஸ்தோனிதா ஏரியில் பூநாரைகளையும் பார்த்துவிடலாம்.