அப்பாவின் வீட்டுக்கு உயிலா, செட்டில்மெண்டா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):

என் அப்பாவுக்கு 79 வயது. அம்மா இருக்கிறார். அப்பா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு அவர் பெயரிலேயே உள்ளது. அண்ணன், நான் என இரண்டு பிள்ளைகள். வீட்டை இப்போதே தன் பெயருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் அலைச்சல் இருக்காது என்று அண்ணன் சொல்கிறார். அவர்மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. பெற்றோரை இதுவரை பார்த்துக்கொள்பவர் அவர்தான். ஆனால் அப்பாவுக்குக் கைநடுக்கம் வந்த பிறகு, பென்ஷன் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போட மூன்று தாள்கள் வீணாகின்றன. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அம்மா எந்த உரிமையில் அந்த வீட்டில் இருப்பார் என்பதே என் கவலை. உயில் எழுதினால் போதுமா? வங்கிக் கணக்கில் அண்ணன் நாமினி என்பதால் அந்தப் பணம் அவருக்கே சேருமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், திருப்பாதிரிப்புலியூர்):

செட்டில்மெண்ட் பத்திரம் பதிவாகி அண்ணன் அதை ஏற்றுக்கொண்டால் சொத்து கைமாறிவிடும். பிறகு மனம் மாறினாலும் அப்பா தாமாகச் சென்று அதை ரத்து செய்ய முடியாது. உயில் அவர் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும். தெளிந்த நினைவுடன் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அதை மாற்றி எழுதலாம். ஆகவே அப்பா உயில் எழுதட்டும். அதில் அம்மாவுக்கு ஆயுட்கால அனுபவ உரிமையையும், அவருக்குப் பின் வீடு யாருக்கு என்பதையும் தெளிவாகக் குறிப்பிடட்டும். உயிலே இல்லாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவரும் சமபங்குக்காரர்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தைக் கேட்கிறது. பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள். நடமாட முடியாதவர் மனுக் கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. கைநடுக்கம் இருப்பதால், அப்பா தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவரிடம் அதே நாளில் சான்று வாங்கி வையுங்கள். சாட்சிகளாக அப்பாவின் வயதையொத்த நண்பர்களைப் போடாதீர்கள். பிற்காலத்தில் வழக்கு என்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சி ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். சாட்சிகள் இருவருமே காலமாகிவிட்டதால், பழைய கையெழுத்துகளைத் தேடி ஒரு குடும்பம் அலைந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பதில் 2 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):

செட்டில்மெண்ட்தான் என்று வீட்டில் முடிவானால், அப்பா, அம்மா இருவரின் ஆயுட்கால உரிமையையும், அவர்களுக்கு உணவு, மருத்துவம் உள்ளிட்ட பராமரிப்பை அண்ணன் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் தீர்ப்பாயம் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். அத்தகைய நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இப்பிரிவு உதவாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று காத்திருப்பதைவிட, இரண்டு வரி கூடுதலாக எழுதுவது எளிது. என் பெரியம்மா அந்த இரண்டு வரிகளை எழுதவில்லை. தாம் எழுதிக் கொடுத்த வீட்டின் திண்ணையில் அவர் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பதில் 3 (நெல்லிக்குப்பம்):

நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்று, உரிய வாரிசுகளுக்குச் சேர்க்கக் கடமைப்பட்டவர். அந்தப் பெயராலேயே அவர் உரிமையாளராகிவிட மாட்டார். எனவே வைப்புத்தொகையையும் உயிலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் போதும் என்று சிலர் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் நம் நாட்டில் அது முடிவுக்கு வந்துவிடும், அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைகொடுக்காது.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. அண்ணனையும் உட்காரவைத்து அப்பாவுக்கு இவற்றைப் படித்துக் காட்டினேன். அம்மாவின் உரிமையை உயிலின் முதல் வரியாக எழுத வேண்டும் என்று அப்பா சொன்னார், அண்ணனும் சம்மதித்தார். சாட்சிகளாக, நாற்பது வயதுக்கு உட்பட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரிடம் பேசியிருக்கிறோம். மருத்துவரை வெள்ளிக்கிழமை பார்க்கிறோம்.