22 வருடமாக நகைப் பட்டறை, கூலி கட்டுபடியாகவில்லை. வேறு என்ன செய்யலாம்?

ஊதுகுழல்_கோவை:
வணக்கம்ங்க. செல்வபுரம் பக்கம் சின்னப் பட்டறை, நானும் என் தம்பியும்தான். 17 வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தவன், இப்போது 39. கைப்பின்னல் செயின், தாலிக்கொடி, கொஞ்சம் நகாசு வேலை (தகட்டில் உருவம் தட்டி எடுப்பது) தெரியும். கடைக்காரர் தங்கம் எடை போட்டுக் கொடுப்பார், நாங்கள் செய்து அதே எடையைச் சேதாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தனியாகக் கூலி என்று ரூபாய் எதுவும் கிடையாது. சேதாரத்தில் மிச்சம் பிடிப்பதுதான் எங்கள் சம்பளம்.

போன மாதம் ஒரு 24 கிராம் செயின். எனக்குச் சேதாரம் இரண்டரை சதவீதம், அதாவது 600 மில்லிகிராம். அரத்தால் ராவியது, பற்றவைக்கப் பொடி வைத்து ஊதியது, மெருகு போட்டது எல்லாம் போக 350 மில்லி உண்மையிலேயே கரைந்துவிட்டது. கையில் நின்றது 250 மில்லி, இரண்டு பேர் இரண்டரை நாள் உட்கார்ந்ததற்கு. கேஸ், கரண்ட் எங்கள் செலவு. அதே செயினைக் கடையில் 16 சதவீதம் சேதாரம் போட்டு விற்றார்கள் என்று வாங்கின அம்மாவே வளையம் மாற்ற வந்தபோது சொன்னார். 16 சதவீதம் என்றால் 3 கிராம் 840 மில்லி. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கடையில் கேட்டால், காஸ்டிங்கில், அதாவது அச்சில் உருக்கி ஊற்றினால், இதைவிடச் சீக்கிரம் வருகிறது, வேண்டாம் என்றால் விடுங்கள் என்கிறார். நியாயமான கூலி எப்படிக் கேட்பது? இல்லை, தொழிலையே மாற்றிவிடலாமா? பத்தாவது முடித்திருக்கிறேன், கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது.

உரைகல்:
தம்பி, நானும் பட்டறையில் இருந்தவன்தான், 45 வயதில் வங்கி நகை மதிப்பீட்டாளராகப் போனேன். நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன். பெரும்பாலும் இது மாதச் சம்பள வேலை இல்லை. ஒவ்வொரு அடகுக்கும் இவ்வளவு என்று கமிஷன், ஒப்பந்தம்தான். நல்ல கிளை கிடைத்தால் பட்டறையைவிட நிம்மதி, கூட்டம் இல்லாத கிளையில் மாட்டினால் டீக்குக் கூடக் கணக்குப் பார்க்க வேண்டும். வைப்புத்தொகை கேட்பார்கள், நகை மதிப்பீட்டுப் பயிற்சிச் சான்றிதழும் கேட்பார்கள். போலி நகையை நல்லது என்று எழுதிவிட்டால் நம் தலையில்தான் விடியும், போலீஸ் வரைக்கும் போகும்.

ஆனால் உன்னைப் போல வேலை தெரிந்தவனுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது. ஒரு தடவை ஒரு பெண் ஆரம் கொண்டுவந்தாள், 916 முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தது, கல்லில் உரைத்தாலும் நிறம் சரி. குண்டு மட்டும் கைக்குக் கொஞ்சம் மந்தமாக இருந்தது. துளை வழியாகப் பார்த்தால் உள்ளே அரக்கு. அவளுக்கே தெரியாது, மாமியார் போட்ட நகை. மேலே இருந்தது நல்ல தங்கம்தான், எடையில் அரக்கைக் கழித்துப் போட்டோம். படித்துவிட்டு மட்டும் வந்தவர் அந்த எடையை அப்படியே எழுதியிருப்பார். குண்டு தட்டின கைக்குத்தான் அது தெரியும்.

ஒரே நாளில் பட்டறையை மூடிவிடாதே. முதலில் சான்றிதழை வாங்கு.

குப்பைக்கணக்கு:
உரைகல் ஐயா சொன்னது சரி, ஆனால் இருக்கிற இடத்திலேயே நீங்கள் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. முதல் கேள்வி, பட்டறைக் குப்பை யாருக்குப் போகிறது? கூட்டின மண், கை கழுவின தொட்டித் தண்ணீர், பழைய பாய், அரம் துடைத்த துணி, எல்லாவற்றிலும் தங்கம் இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த 350 மில்லி முழுசாகக் காற்றில் போகவில்லை. எங்கள் வீதியில் ஒருத்தர், கடைக்காரர் இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தார், குப்பை கடைக்காரருக்கே போனது. எட்டு வருடம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. உங்கள் பட்டறை என்றால் குப்பை உங்களுடையது, அதையும் வருமானத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டு போடுங்கள். நகை, எடை, மணி நேரம், கரைந்தது, நின்றது. ஒரு மாதம் எழுதினால் எந்த வேலை நஷ்டம் என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் சாதா செயின் நஷ்டம். அதை மெஷினுக்கே விட்டுவிடுங்கள், அதில் போட்டி போட முடியாது. கைப்பின்னலுக்கும் நகாசுக்கும் மட்டும், சேதாரம் வேறு, ரூபாய்க் கூலி வேறு என்று பிரித்துக் கேளுங்கள். பவுன் விலை ஏறினால் நம் மில்லிக்கும் மதிப்பு ஏறும் என்று நினைப்போம், ஆனால் ஏறின உடனே அவர்கள் சதவீதத்தைக் குறைத்துவிடுகிறார்கள். ரூபாயில் பேசினால் அந்த விளையாட்டு குறையும். ஒரே கடையை நம்பி இருக்கிற வரைக்கும் நீங்கள் கேட்கிறது எடுபடாது, குறைந்தது மூன்று கடை வேண்டும்.

அப்புறம் பொற்கொல்லர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? இல்லை என்றால் முதலில் அதை முடியுங்கள்.

வடசேரி_தங்கச்சி:
அண்ணே, நான் நாகர்கோவில் வடசேரி. நாங்கள் வெள்ளியில் சிவப்புக் கல் பதித்து மேலே தங்க மெருகு கொடுக்கிற கோயில் நகை செய்கிறவர்கள், புவிசார் குறியீடு கிடைத்த வேலை. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம் போகிறது, சலங்கை பூஜை, அரங்கேற்றம் என்றால் தலைசாமான் முதல் ஒட்டியாணம் வரை செட்டாக வாங்குவார்கள். உங்களுக்கு நகாசு தெரியும் என்கிறீர்களே, அதை வெள்ளியில் செய்து பாருங்களேன். தங்கம் வாங்கிப் போட முதல் இல்லாதவர்களுக்கு வெள்ளி தாங்கும். விலையை நாமே சொல்லலாம், அதுதான் பெரிய விஷயம்.

போட்டோ போட்டு விற்கிறேன், வாங்குகிறவர்களில் பாதிப் பேரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் பாதிப் பணம் முன்னால் வராமல் வேலையைத் தொடாதீர்கள். ஒரு ஒட்டியாணம் இன்னும் என் பீரோவில் கிடக்கிறது, இடுப்பளவு கொடுத்தவர் போனே எடுப்பதில்லை. அந்த அளவு வேறு யாருக்கும் சேரவும் சேராது.

கடன் வேண்டும் என்றால், 2025இல் தொடங்கின கலைஞர் கைவினைத் திட்டத்தில் நகை செய்கிற தொழிலும் இருக்கிறது. 35 வயது ஆகியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள்.

ஷார்ஜா_ரிட்டர்ன்:
யாராவது வளைகுடாவுக்குக் கூப்பிட்டால் ஒன்று மட்டும் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்ட் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். என்னிடம் ஒன்றரை லட்சம் வாங்கினார்கள், அதை அடைக்கவே முதல் வருடம் போய்விட்டது. வேலை என்னவோ நல்ல வேலைதான், பொய் சொல்லக்கூடாது.

ஊதுகுழல்_கோவை:
எல்லாருக்கும் நன்றிங்க. குப்பைக்கணக்கு அண்ணா, குப்பை எங்களுக்குத்தான், ஆனால் இதுவரை அதை ஒரு வருமானமாக நினைத்ததே இல்லை. தீபாவளிக்கு முன்னால் ஒரு ஆள் வருவார், சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவோம். இந்தத் தடவை இன்னொருத்தரிடமும் கேட்கிறேன். இன்றைக்கு நோட்டு வாங்கிவிட்டேன், தம்பி சிரிக்கிறான்.

உரைகல் ஐயா, அந்தச் சான்றிதழ் பயிற்சியைச் சாயந்திரம் மட்டும் போய்ப் படிக்க முடியுமா? பகலில் ஊதுகுழலை விட முடியாது. தங்கச்சி, வெள்ளியில் ஒரு சின்ன நெற்றிச்சுட்டி செய்து பார்க்கிறேன், படம் போடுகிறேன், குறை இருந்தால் தயங்காமல் சொல்லும்மா.